முள் பொய் சொல்லும்போது: சிறு விமானத்தில் கருவிப் பழுதைச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

செஸ்னா 172 மாதிரியான சிறு விமானத்தின் முகப்பில் ஆறு வட்டக் கருவிகள் இருக்கும். ஆறும் ஒரே நேரத்தில் கெடுவது மிக அரிது. வழக்கமாக ஒன்றோ இரண்டோ கெட்டு, மற்றவை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லும். செத்துப்போன முள்ளைக் கண்டுபிடிப்பது எளிது. உயிரோடு இருப்பதுபோல் ஆடிக்கொண்டே தப்பாகக் காட்டும் முள்தான் ஆளைக் கொல்லும்.

காரைக்குடி, கானாடுகாத்தான், திருமயம் வட்டாரத்துக்கு மேலே, பகலில், கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி விமானி இந்த நிலைமையை எப்படிக் கையாள்வது என்பதை இங்கே சொல்கிறோம். எண்கள் 172எஸ் விமானத்தை ஒட்டியவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி. எந்தப் பயிற்சியையும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

எது எதிலிருந்து உயிர் பெறுகிறது

முகப்புக்கு மூன்று தனித்தனி ஊட்டங்கள் உண்டு. இதை மனத்தில் படமாக வைத்திருந்தால் பாதிப் பழுதை முகப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் ஊட்டம் காற்றழுத்தம். இடது இறக்கையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பீட்டோ குழாய் எதிர்க்காற்றைப் பிடிக்கிறது. விமான உடலின் இடப்பக்கம், கதவுக்கு முன்னால் இருக்கும் சின்னத் துளையான ஸ்டாடிக் போர்ட், வெளிக்காற்றின் அமைதியான அழுத்தத்தை எடுக்கிறது. வேகத்தைக் காட்டும் ஏர்ஸ்பீட் காட்டிக்கு (வேகமுள்) இரண்டும் வேண்டும். உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டருக்கும், ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் விஎஸ்ஐ-க்கும் ஸ்டாடிக் மட்டும் போதும்.

இரண்டாவது வேக்குவம். எஞ்சின் சுழற்றும் பம்ப் காற்றை உறிஞ்ச, விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் காட்டியிலும் திசையைக் காட்டும் ஹெடிங் காட்டியிலும் உள்ள கைரோ சக்கரங்கள் சுழல்கின்றன. மூன்றாவது மின்சாரம். டர்ன் கோஆர்டினேட்டர் இதில்தான் ஓடுகிறது. வேக்குவம் போனாலும் திரும்புவதைக் காட்ட ஒரு கருவி மிஞ்ச வேண்டும் என்றே அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.

இந்த மூன்றையும் சாராதவையும் உண்டு: காந்தத் திசைகாட்டி, இடது இறக்கையின் முன்விளிம்பில் உறிஞ்சு காற்றால் ஒலிக்கும் ஸ்டால் ஊதல், வெளியே தெரியும் அடிவானம். ஸ்டால் ஊதலுக்கு மின்சாரமும் வேண்டாம், பீட்டோவும் வேண்டாம். ஸ்டாலுக்கு, அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழப்பதற்கு, ஐந்து முதல் பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) முன்பே அது கத்திவிடும். வேகமுள் சந்தேகமாகிற நாளில் அதைவிட நேர்மையான துணை விமானத்தில் இல்லை.

தரையிலேயே தடுக்க வேண்டியது: குளவி

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கப்போகிறது என்று நம் பக்கம் கூட்டைக் கலைக்காமல் விடுவார்கள். அதே மண்குளவிக்கு நிறுத்திவைத்த விமானத்தின் பீட்டோ குழாய் அளவெடுத்துச் செய்த பொந்து. செம்மண்ணை உருட்டி உள்ளே அடைக்க அதற்கு அதிக நேரம் பிடிக்காது.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் 301 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பீட்டோ குழாய்களில் ஒன்று அடைபட்டிருந்தது. விமானம் மூடி போடாமல் நின்றிருந்ததால் குளவிக்கூடாக இருக்கலாம் என்றே விசாரணை முடிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ல் பெருவில் ஏரோபெரு 603 விழுந்து 70 பேர் இறந்தார்கள். கழுவும்போது ஸ்டாடிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். இரண்டுமே போயிங் 757. அவ்வளவு பெரிய விமானத்தையே வீழ்த்திய அடைப்பு நம் 172-ஐ விட்டுவைக்காது.

ஆகவே விமானத்தைச் சுற்றிவரும்போது இவற்றைச் செய்யுங்கள்:

1. விமானம் அரைமணி நேரம் நின்றாலும் பீட்டோ மூடியைப் போடுங்கள். மூடியின் சிவப்பு நாடா தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கழற்றிய மூடியை விமானத்துக்குள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.
2. குழாயின் வாய்க்கு நேராகக் குனிந்து உள்ளே பாருங்கள். பின்னால் உள்ள சிறிய நீர்வடி துளையையும் பாருங்கள். வாயால் ஊதிப் பார்க்கவே கூடாது. ஏர்ஸ்பீட் காட்டிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு ஒரே ஊதலில் கெட்டுவிடும்.
3. ஸ்டாடிக் துளையில் மெழுகு, டேப், புழுதி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கழுவிய மறுநாள் இரண்டு முறை பாருங்கள்.
4. ஸ்டால் ஊதலின் துளையில் சுத்தமான கைக்குட்டையை வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். ஊதல் கேட்க வேண்டும். குளவி அதையும் விடுவதில்லை.
5. ஆல்டிமீட்டரில் அன்றைய கியூஎன்எச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) வைத்தால் நிலையத்தின் உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 75 அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் கிளம்பாதீர்கள்.
6. எஞ்சின் ஓடும்போது வேக்குவம் முள் 4.5 முதல் 5.5 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும்.
7. ஓடுபாதைக்குத் தரையில் உருண்டு போகும்போது (டாக்ஸி) வலமும் இடமும் திரும்பி, ஹெடிங், டர்ன், திசைகாட்டி மூன்றும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பாருங்கள். ஆட்டிட்யூட் காட்டி சாயக் கூடாது.

ஏழாவதோடு முடியவில்லை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, 40 நாட் வருவதற்குள் வேகமுள் அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை என்றால் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலை முழுக்க மூடி, பிரேக் போட்டு, நின்றுவிடுங்கள். கருவிப் பழுதுக்கு இதைவிட மலிவான தீர்வு கிடையாது. திருச்சியிலும் மதுரையிலும் ஓடுபாதை 2,200 மீட்டருக்கு மேல் நீளம், நிற்க இடம் ஏராளம். ‘மேலே போனால் சரியாகிவிடும்’ என்று ஏறியவர்கள் பட்டியல் நீளமானது.

மேலே போனபிறகு: முதல் 10 வினாடி

முள் சந்தேகமானதும் கை தானாக வேலை செய்யத் துடிக்கும். மூக்கை இறக்கலாமா, திராட்டிலைக் கூட்டலாமா என்று மனம் அலையும். அதுதான் தப்பின் ஆரம்பம். எதையும் மாற்றாதீர்கள். சற்று முன்புவரை விமானம் நன்றாகத்தான் பறந்தது. அதே திராட்டில், அதே மூக்கு நிலை, அதே டிரிம் இருந்தால் இப்போதும் நன்றாகவே பறக்கும்.

இங்கே கை அழுத்தம் இல்லாமலே மூக்கு நிலையைப் பிடித்துவைக்கும் டிரிம் சக்கரம்தான் பெரிய ரகசியம். 90 நாட்டுக்கு டிரிம் செய்த விமானம், கையை விட்டாலும் 90 நாட்டைச் சுற்றியே நிற்கும். திராட்டிலைக் குறைத்தால் அதே வேகத்தில் இறங்கும், கூட்டினால் அதே வேகத்தில் ஏறும். வேகமுள் கெட்டாலும் டிரிம்மைத் தொடாதவரை வேகம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்து அடிவானத்தைப் பாருங்கள். எஞ்சின் மூடியின் மேல்விளிம்புக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று நல்ல நாளில் அளந்து வைத்திருந்தால், இன்று அது ஆட்டிட்யூட் காட்டியின் வேலையைச் செய்யும். இறக்கை முனைகள் இரண்டும் அடிவானத்திலிருந்து சம தூரத்தில் இருந்தால் விமானம் சாயவில்லை.

172எஸ்ஸில் மனப்பாடமாக வேண்டிய எண்கள் தோராயமாக இவை. முழு திராட்டிலில் மூக்கை ஏழெட்டு டிகிரி தூக்கினால் 75 முதல் 80 நாட்டில் ஏறும். 2,100 – 2,200 ஆர்பிஎம்-ல் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகள்) நேர்மட்டமாக 90 – 95 நாட். 1,800 பக்கம் குறைத்தால் அதே வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 அடி இறங்கும். 20 டிகிரி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்), 1,500 ஆர்பிஎம் வைத்தால் இறங்குமுகத்தில் 65 – 70 நாட். ஒவ்வொரு விமானத்துக்கும் 50, 100 ஆர்பிஎம் மாறும். உங்கள் விமானத்துக்கானதை எல்லாம் சரியாக வேலை செய்யும் நாளில் நீங்களே அளந்து, ஒரு அட்டையில் எழுதி, முழங்கால் பலகையில் செருகி வையுங்கள். அந்த அட்டை இல்லாமல் கீழே சொல்வது எதுவும் உதவாது.

பீட்டோ அடைப்பு

முன்வாய் மட்டும் அடைபட்டு நீர்வடி துளை திறந்திருந்தால் உள்ளே உள்ள அழுத்தம் வடிந்துவிடும், வேகமுள் சுழிக்கு (பூஜ்யத்துக்கு) போய் உட்காரும். இது நல்லவகைப் பழுது. செத்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டும் அடைபட்டால்தான் ஆபத்து. அப்போது வேகமுள் ஆல்டிமீட்டர் மாதிரி நடந்துகொள்ளும். உண்மையில் 90 நாட்டிலேயே பறந்துகொண்டு 500 அடி ஏறினாலே முள் 135 நாட்டைத் தாண்டிவிடும். வேகம் கூடிவிட்டது என்று பதறி மூக்கைத் தூக்கினால் இன்னும் ஏறும், முள்ளும் இன்னும் ஏறும், விமானமோ ஸ்டாலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அடைபட்ட உயரத்திலிருந்து 400 அடி இறங்குவதற்குள் முள் சுழிக்கு வந்துவிடும்.

ஏறும்போது வேகம் கூடுகிறது, இறங்கும்போது குறைகிறது, நேர்மட்டத்தில் திராட்டிலை அசைத்தாலும் முள் அசையவில்லை: மூன்றும் சேர்ந்தால் பீட்டோதான். செய்ய வேண்டியது: குழாயைச் சூடாக்கும் பீட்டோ ஹீட்டை ஆன் செய்யுங்கள். மழை நீராக இருந்தால் சில நிமிடத்தில் வழி விடலாம். மண்ணாக இருந்தால் விடாது. வேகமுள்ளை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடுங்கள். அட்டையில் உள்ள ஆர்பிஎம் எண்களை வைத்துப் பறந்து, நீளமான ஓடுபாதைக்குப் போங்கள்.

ஸ்டாடிக் அடைப்பு

ஆல்டிமீட்டர் ஒரே உயரத்தில் உறைந்துவிடும், விஎஸ்ஐ சுழியில் நிற்கும். வேகமுள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், அதுவும் தப்பாக. அடைபட்ட உயரத்துக்கு மேலே போனால் உண்மையைவிடக் குறைவாகவும், கீழே வந்தால் உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 அடி இறங்கினாலே, உண்மையில் 60 நாட்டில் வரும் விமானத்தை 100 நாட் என்று காட்டும். வேகம் அதிகம் என்று திராட்டிலைக் குறைத்தால் ஓடுபாதைக்கு முன்பே ஸ்டால்.

இதற்கு மருந்து விமானத்திலேயே இருக்கிறது. திராட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள மாற்று ஸ்டாடிக் குமிழை வெளியே இழுத்தால், கருவிகள் கேபினுக்குள்ளிருந்து அழுத்தத்தை எடுக்கும். ஜன்னல்களை மூடிக்கொள்ளுங்கள். கேபின் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதால் உயரமும் வேகமும் சற்றுக் கூடுதலாகக் காட்டும், விஎஸ்ஐ ஒரு கணம் ஏறுவதுபோல் துள்ளும். எத்தனை நாட் கழிக்க வேண்டும் என்ற அட்டவணை கையேட்டில் உண்டு. அந்தக் குமிழ் இல்லாத விமானமாக இருந்தால் விஎஸ்ஐ-யின் கண்ணாடியை உடைத்து அதன் வழியாகக் காற்றை விடலாம். அதன்பின் அந்த விஎஸ்ஐ தலைகீழாகக் காட்டலாம், நம்பாதீர்கள்.

கட்டுப்பாட்டு மையத்திடம் ‘என் உயரம் என்ன’ என்று கேட்பது இந்த நிலையில் பயன் தராது. ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி அனுப்பும் உயரம் பெரும்பாலும் உங்கள் அதே ஸ்டாடிக் குழாயிலிருந்துதான் போகிறது. ஏரோபெரு விமானிகளுக்குத் தரையிலிருந்து கிடைத்த உயரமும் அவர்களுடைய தப்பான உயரமே. தரைவேகத்தைக் கேளுங்கள். ரேடார் அதைத் தானாகவே அளக்கிறது.

ஜிபிஎஸ் உதவும், இரண்டு கணக்குகளோடு

ஜிபிஎஸ் காட்டுவது தரைவேகம். தென்மேற்குப் பருவத்தில் நம் பக்கம் மேற்கிலிருந்து வலுவான காற்று அடிக்கும். கடலைப் பார்த்துப் பறந்தால் 115, திரும்பி வந்தால் 75 என்று காட்டலாம். விமானம் மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு திசைகளிலும் ஒரே ஆர்பிஎம்-ல் ஒரு நிமிடம் பறந்து, நான்கு வேகங்களின் சராசரியை எடுங்கள். அதுவே காற்றில் உங்கள் உண்மை வேகத்துக்கு மிக நெருக்கம். 3,000 அடியில், நம் ஊர் வெப்பத்தில், கருவி 90 நாட் காட்டும்போது உண்மை வேகம் சுமார் 96 நாட்.

உயரத்தில் இன்னொரு விஷயம். புவியின் கடல்மட்டப் பரப்பில் உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அதன் சரிவில்தான் செட்டிநாடும் இருக்கிறது. விமானத்தில் பொருத்திய ஜிபிஎஸ் இதைத் திருத்திக் காட்டும். சில கைப்பேசிச் செயலிகள் திருத்துவதில்லை. அவை சுமார் 90 மீட்டர், அதாவது 300 அடி, குறைவாகக் காட்டும். சோதிப்பது எளிது: கடல்மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் உள்ள காரைக்குடியில் நின்றுகொண்டு செயலியைத் திறந்தால் சுழிக்குப் பக்கமோ கழித்தல் எண்ணோ வந்தால் அது திருத்தாத செயலி.

வேக்குவம் போனால்

பம்ப்பின் உள்ளே இருக்கும் கார்பன் தகடுகள் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். கைரோ உடனே நிற்காது. சில நிமிடங்கள் மெல்ல மெல்ல வேகம் இழந்து, ஆட்டிட்யூட் காட்டி ஒரு பக்கமாகச் சாயும். சாய்வு அவ்வளவு மெதுவாக வருவதால் விமானி தன்னை அறியாமல் அதனோடு சேர்ந்து விமானத்தையும் சாய்த்துவிடுவார்.

1978 ஜனவரி 1 அன்று பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா 855, ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாந்த்ரா அருகே கடலில் விழுந்து 213 பேரும் இறந்தார்கள். கேப்டன் பக்கத்து ஆட்டிட்யூட் காட்டி தப்பான சாய்வில் நின்றுவிட்டது. இரவு, கீழே கடல், அடிவானம் இல்லை. அவர் இல்லாத சாய்வைச் சரிசெய்யப் போய் உண்மையிலேயே சாய்த்தார். இதனால்தான் அந்தி சாய்ந்தபின் கருவிச் சந்தேகம் வந்தால் தொண்டிக் கடல் பக்கம் மூக்கைத் திருப்பாதீர்கள் என்கிறோம். ஊர் விளக்குகள் இருக்கும் பக்கம் திரும்புங்கள்.

படிகள்: வேக்குவம் முள்ளைப் பாருங்கள். 4.5-க்குக் கீழே என்றால் ஆட்டிட்யூட், ஹெடிங் இரண்டையும் காகிதத்தால் மூடுங்கள். கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் மனம் அதை நம்பியே தீரும். சாய்வுக்கு டர்ன் கோஆர்டினேட்டர், ஏற்ற இறக்கத்துக்கு ஆல்டிமீட்டர், திசைக்குக் காந்தத் திசைகாட்டி.

திசைகாட்டியில் நம் ஊருக்கு ஒரு வரம் உண்டு. வடக்கே திரும்பும்போது முன்னதாக நிறுத்து, தெற்கே திரும்பும்போது தாண்டி நிறுத்து என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். புவிக்காந்தம் தரையை நோக்கிச் சரிந்திருக்கும் ஊர்களுக்கு அது பொருந்தும். டில்லியில் அந்தச் சரிவு 40 டிகிரிக்கு மேல். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே போவதால் காரைக்குடியில் சில டிகிரிதான். கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்த காரணமும் இதே கோடுதான். ஆகவே செட்டிநாட்டுக்கு மேலே திசைகாட்டி திருப்பத்திலும் ஏறத்தாழ உண்மையே சொல்லும். 15 டிகிரிக்கு மேல் சாய்க்காமல் திரும்புங்கள், முள் நீந்தி நிற்க ஐந்தாறு வினாடி கொடுங்கள். தேர்வில் மட்டும் பாடத்தில் உள்ளபடி எழுதுங்கள்.

மின்சாரம் போனால்

28 வோல்ட் விமானத்தில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் நின்றால், மின்னழுத்தம் 24.5-க்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை விளக்கு எரியும். மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் பாதியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வராவிட்டால் தேவையில்லாத விளக்குகள், பீட்டோ ஹீட், இரண்டாவது ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். பேட்டரி அரைமணி நேரம் தாங்கும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் ஓடுவதால் நிற்காது. ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவதால் பேட்டரி உயிரோடு இருக்கும்போதே எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

வட்டக் கருவிகளுக்குப் பதில் கண்ணாடித் திரை உள்ள விமானத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் துணைக் கருவிகளுக்கு மாறுங்கள். ஆனால் துணை வேகமுள்ளும் துணை ஆல்டிமீட்டரும் அதே பீட்டோ, ஸ்டாடிக் குழாய்களில்தான் மாட்டியிருக்கின்றன. குளவி அடைத்தால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும்.

முன்னால் மேகம் இருந்தால்

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பதுபோன்ற நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில் அத்தனை பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். எல்லாக் கருவியும் நல்லபடி இருக்கும் பயிற்சியற்ற விமானிக்கே மூன்று நிமிடம்தான் என்றால், பழுதோடு போகிறவருக்கு இன்னும் குறைவு. சித்திரை, வைகாசி மாலைகளில் மேற்கே எழும் இடிமேகமும், ஐப்பசியில் கடலிலிருந்து தாழ வரும் மேகமும் இங்கே அடிக்கடி வழி மறிக்கும். மேகத்தைத் தொடுவதற்கு முன்பே திரும்புங்கள்.

தெரியாமல் உள்ளே போய்விட்டால்: டர்ன் கோஆர்டினேட்டரின் இறக்கையை முழுத்திருப்பக் கோட்டில் வைத்துக் கடிகாரத்தில் 60 வினாடி எண்ணுங்கள். 90 நாட்டில் இது சுமார் 14 டிகிரி சாய்வு. வினாடிக்கு 3 டிகிரி வீதம் 180 டிகிரி திரும்பி, வந்த வழியே வெளியே வந்துவிடுவீர்கள். டிரிம்மைத் தொடாதீர்கள், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

சொல்லுங்கள், வழி தேடுங்கள், இறங்குங்கள்

விமானம் நிலையாக வந்ததும் ரேடியோவில் சொல்லுங்கள். அவசரம் என்பதற்கான ‘பான்-பான்’ மூன்று முறை, உங்கள் அழைப்புப் பெயர், எந்தக் கருவி கெட்டது, எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும். உதாரணமாக: ‘வேகமுள்ளும் உயரமுள்ளும் நம்பத் தகுந்தவை அல்ல, காரைக்குடிக்கு மேலே, திருச்சியில் இறங்க வேண்டும், தரைவேகம் சொல்லுங்கள்.’ யாரும் கேட்கவில்லை என்றால் 121.5 என்ற அவசர அலைவரிசை. கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது என்றால் தயங்காமல் ‘மேடே’ என்ற உயிராபத்து அழைப்பு, டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற ஆபத்துக் குறியீடு.

வழிக்குத் தண்டவாளம் போதும். காரைக்குடியிலிருந்து வடக்கே போகும் ரயில்பாதை திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போகிறது. திருமயம் கோட்டை, பாறைமேல் இருப்பதால், மேலிருந்து தப்பவே தப்பாது. திருச்சி விமான நிலையமும் ஊரின் புதுக்கோட்டைப் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கே போனால் 2,000 அடிக்கு மேல் நிற்கும் பிரான்மலையும், அதற்கும் அப்பால் 4,000 அடியைத் தாண்டும் சிறுமலையும் உண்டு. ஆல்டிமீட்டர் சந்தேகமான நாளில் அந்தப் பக்கம் வேண்டாம். செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதை இருக்கிறது. அது இயங்கும் நிலையம் இல்லை. எஞ்சினும் நிற்கப்போகிறது என்ற நிலைக்கு மட்டும் அதை மனத்தில் வையுங்கள். கருவிப் பழுதுக்கு நீளமான, ஆள் இருக்கும், தீயணைப்பு வண்டி நிற்கும் ஓடுபாதையே சரி.

ஓடுபாதைக்கு நேராக நீண்ட இறங்குமுகம் கேளுங்கள். பக்கவாட்டில் எரியும் பாபி விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் வருகிறீர்கள், ஆல்டிமீட்டர் வேண்டாம். நான்கும் சிவப்பு என்றால் தாழ்ந்துவிட்டீர்கள், உடனே திராட்டில். ஃபிளாப் 20-க்கு மேல் வேண்டாம். வழக்கத்தைவிட 5 முதல் 10 நாட் கூடுதலாக வருகிற மாதிரி ஆர்பிஎம் வையுங்கள். தரைக்கு மேலே கொஞ்சம் மிதக்கும், மிதக்கட்டும். ஸ்டால் ஊதல் ஓடுபாதைக்கு மேல் வரும்முன் கேட்டால் மூக்கை லேசாக இறக்கித் திராட்டிலைக் கூட்டுங்கள்.

இறங்கியபின் பீட்டோவைக் குச்சியால் குத்தாதீர்கள். அடைப்பை அப்படியே படம் எடுத்து, எந்த உயரத்தில், எந்த ஆர்பிஎம்-ல், எந்த முள் எப்படி ஆடியது என்பதைப் பழுதுப் பதிவேட்டில் எழுதுங்கள். பொறியாளர் குழாயைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். இணைப்பைத் திறந்தபின் கசிவுச் சோதனை செய்து கையெழுத்துப் போடும்வரை அந்த விமானம் மறுபடி மேலே போகக் கூடாது.